வன்னிப் பிள்ளைகளுக்குப் போறணை வாங்கிக் கொடுக்க முன்னர்: ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தில் சிறுவர் பராமரிப்புக்கும் உளவளத்துணைக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் சிறுவர் கழகங்களும் சிறுவர் இல்லங்களும் நடத்துகிற நிறுவனங்களுக்கும், அவற்றுக்குப் பணம் அனுப்புகிற புலம்பெயர் உறவுகளுக்கும்,

வணக்கம். வெதுப்பகத் தொழில் தெரிந்தவர்களும் சிறுவர் உளசமூகப் பணி தெரிந்தவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். போரின் சுமையோடு வளர்கிற பிள்ளைக்கு மா பிசைந்து பணிஸ் சுடுவது ஆறுதல் தரும். நாங்கள் அதை நம்புகிறோம், அதற்கு உதவுங்கள் என்று கேட்கிறோம். ஆனால் அந்த ஆறுதல் ஒரே நாளில் பதாகை கட்டி, கேக் வெட்டி, படம் எடுத்து முடிக்கும் நிகழ்வில் கிடைக்காது. பன்னிரண்டு கிழமைகள், ஒவ்வொரு கிழமையும் அதே நாள், அதே நேரம், அதே மூன்று வளர்ந்தவர்கள். இதை உறுதிசெய்ய முடியாவிட்டால் போறணை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு என்ன பாதிப்பு என்று கூட்டங்களில் கேட்கப்படுகிறது. உடம்பில் ஷெல் சன்னத்தோடு வாழும் தகப்பன், இரவில் திடுக்கிட்டு எழும் தாய், காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படத்தோடு போராட்டக் கொட்டகைக்குப் போய்வரும் அம்மம்மா, இவர்கள் நடுவில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. கிளிநொச்சியில் உறவுகளைத் தேடும் தாய்மாரின் தொடர் போராட்டம் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கியது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளை இன்று பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கூட்டு மனவடு என்று சொல்வது, ஒரு சமூகமே காயப்படும்போது அது தனி ஆளின் நோயாக மட்டும் நிற்காது என்பதைத்தான்.

மா பிசைவது எப்படி உதவுகிறது? வீட்டில் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு, இதைச் செய்தால் இது நடக்கும் என்ற ஒழுங்கு கையில் கிடைக்கிறது. ஈஸ்ட் போட்ட மாவை மூடி வைத்தால் அது பொங்கும். அடுத்த கிழமையும் பொங்கும். பிசைவதில் ஒரு தாளம் இருக்கிறது, உள்ளங்கை முழுதும் வேலை செய்கிறது, மூச்சு தானாகச் சீராகிறது. கதைக்க விரும்பாத பிள்ளை கதைக்காமலே மற்றவர்களோடு இருக்கலாம், கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. கடைசியில் அதன் கையில் யாருக்கோ கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. நிவாரணம் வாங்கியே பழகிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர் என்ற இடம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இது சிகிச்சை அல்ல. மனிதாபிமான உதவி நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் முகவரகங்களுக்கிடையிலான நிலையியற் குழு (IASC) 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில் உளசமூக உதவி நான்கு அடுக்காகக் காட்டப்பட்டிருக்கிறது: அடியில் உணவும் பாதுகாப்பும், அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவு, அதற்கும் மேலே பயிற்சி பெற்றவர்களின் குறித்த உதவி, உச்சியில் மருத்துவ நிபுணர்கள். பணிஸ் சுடுவது இரண்டாம் அடுக்கின் வேலை. தூக்கமில்லாத, தன்னைத்தானே காயப்படுத்துகிற, கூப்பிட்டாலும் கேட்காமல் உறைந்துபோகிற பிள்ளைக்கு உச்சி அடுக்குத் தேவை. அந்த மாவட்டத்து மனநலப் பிரிவின் தொலைபேசி எண் முதல் நாளே சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். விளையாட்டும் கைவேலையும் பிள்ளைகளைத் தாங்கும் என்பது நமக்குப் புதிதும் அல்ல. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் களிமண்ணோடும் வண்ணத்தோடும் கதையோடும் ஒன்றாக இருந்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

ஓர் அணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. மூன்று வளர்ந்தவர்கள், ஒருவருக்கு நான்கு பிள்ளைகள். போறணைக் கதவைத் திறப்பதும் மூடுவதும் மூவரில் ஒருவருக்கு மட்டுமே உரிய வேலை. போறணையைச் சுற்றி ஒரு மீற்றர் தூரத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டுவிடுங்கள், அதற்குள் பிள்ளைகள் வருவதில்லை. மூவரில் ஒருவர் உள்ளூர் வெதுப்பகத் தொழிலாளியாக இருப்பது நல்லது. அவர்கள் நள்ளிரவு தாண்டியதும் வேலை தொடங்குபவர்கள், காலை எட்டரைக்கெல்லாம் ஓய்ந்துவிடுவார்கள். அவருக்கும் உளமுதலுதவியில், அதாவது பார், கேள், இணை என்ற மூன்று படியில், இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். எந்த வளர்ந்தவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக அறையில் இருக்கக்கூடாது. இது எல்லாருக்கும் பொது, நல்லவர்களுக்கும்தான்.

முதல் கிழமையில் ஈஸ்டைத் தொடாதீர்கள். முதல் நாளே மா பொங்காமல் போனால், தான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகும் என்று ஏற்கனவே நம்புகிற பிள்ளை அடுத்த கிழமை வராது. பிஸ்கட்டில் தொடங்குங்கள்: மூன்று பங்கு கோதுமை மா, இரண்டு பங்கு மாஜரின், ஒரு பங்கு சீனி. ஒரு பிள்ளைக்கு 60 கிராம், 40 கிராம், 20 கிராம். எங்கள் வெக்கையில் மாஜரின் உருகி மா கையில் வழுக்கும். பிசைந்த உருண்டையைக் கால் மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் தட்ட வரும். 170 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் பொன்னிறமாகும்போது எடுத்துவிட வேண்டும், சூட்டில் மென்மையாக இருப்பது ஆற ஆற இறுகும்.

இரண்டாம் கிழமையிலிருந்து பணிஸ். ஒரே பெரிய பாத்திரத்தில் எல்லாருக்கும் பிசையாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கிண்ணம். அளவு இது: கோதுமை மா 100 கிராம், தண்ணீர் 55 மில்லிலீற்றர், சீனி 10 கிராம், பால்மா 5 கிராம், மாஜரின் 8 கிராம், உடன் கரையும் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, உப்புக் கால் தேக்கரண்டி. முட்டை தேவையில்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளையும் முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையும் தனித்து நிற்க வேண்டிவராது. இந்த அளவில் ஏறத்தாழ 180 கிராம் பிசைந்த மா வரும். அதை 60 கிராம் வீதம் மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று அங்கேயே சாப்பிட, ஒன்று வீட்டுக்கு, ஒன்று பிள்ளை விரும்பியவருக்கு. இந்த மூன்றைக் குறைக்க வேண்டாம்.

பெரியவர்களின் கிண்ணங்களையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ மா. பன்னிரண்டு கிழமைக்கு 18 கிலோ மா, 2 கிலோவுக்கு உட்பட்ட சீனி, முதல் கிழமைப் பிஸ்கட்டையும் சேர்த்து 2 கிலோ மாஜரின், ஒரு கிலோ பால்மா, 300 கிராம் ஈஸ்ட். ஒருநாள் விழாவுக்கு அச்சடிக்கும் ரீசேட்டுகளின் செலவையும் இதையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருட்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை வெட்கப்பட்டு நின்றுவிடும். விறகு பொறுக்கிவரச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் முற்றாக முடியவில்லை. பற்றைக்குள் பிள்ளையை அனுப்பும் எந்த வேலையும் இந்தத் திட்டத்தில் இருக்கக்கூடாது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கை கழுவித் தொடங்கினால் பன்னிரண்டு மணிக்குள் முடியும். அளந்து கலக்கக் கால் மணி, பிசையக் கால் மணி, முதல் பொங்கலுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணித்தியாலம், உருட்ட கால் மணி, இரண்டாம் பொங்கலுக்கு அரை மணி, 190 பாகையில் 15 முதல் 18 நிமிடம், ஆறக் கால் மணி. வீட்டுப் பாவனைக்கான மின் போறணையில் ஒரு தடவைக்குப் பதினைந்து பணிஸ்தான் கொள்ளும். பன்னிரண்டு பிள்ளையும் ஒரே நேரம் தொடங்கினால் மூன்றாம் தட்டு காத்திருந்து காத்திருந்து புளித்து அமுங்கிவிடும். நால்வர் கொண்ட மூன்று குழுக்களை இருபது நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். எந்தக் குழு முதலில் என்பதைக் கிழமைக்குக் கிழமை மாற்றி, அந்த ஒழுங்கைச் சுவரில் எழுதிவிடுங்கள்.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பொங்காவிட்டால் பெரும்பாலும் ஈஸ்டில் உயிர் இல்லை. திறந்த பொதியை ஈரக்காற்றில் வைத்தால் அது செத்துவிடும், இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிள்ளைகள் வருமுன் ஒரு சிட்டிகையைச் சீனித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் வேறு பொதி. சமையல் குறிப்புகளில் வெந்நீர் என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. எங்கள் தண்ணீர் ஏற்கனவே 30 பாகை அளவில் இருக்கிறது, சூடாக்கவே வேண்டாம். சித்திரையிலும் வைகாசியிலும் பானைத் தண்ணீரோ குளிர்ந்த தண்ணீரோ நல்லது. பிள்ளைகள் ஆசையில் சீனியைக் கூட்டுவார்கள். மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிக் கூட்டக் கூட்ட ஈஸ்ட் மந்தமாகும். அதைத் தடுப்பதைவிட மேலே தூவ ஒரு தேக்கரண்டி சீனியைத் தனியாகக் கொடுத்துவிடலாம். அடிப்பக்கம் கருகினால் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டை வையுங்கள். குரக்கன் மா சேர்க்க விரும்பினால் நூற்றுக்குப் பதினைந்து கிராம் போதும், கூடினால் உதிரும்.

பிசையும் கையைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். முதல் மூன்று நிமிடம் மா விரலிடுக்கில் பசைபோல் ஒட்டும். இங்கேதான் பிள்ளைகள் கைவிடுவார்கள், அல்லது இன்னும் மா கொட்டுவார்கள். கொட்டினால் பணிஸ் கல்லாகும். கிண்ணத்தை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். திரும்பத் தொடும்போது அதே மா வேறொன்றாகியிருக்கும், கையை விட்டுக் கிண்ணத்தோடு சேரும். எட்டு, பத்து நிமிடத்தில் காதுமடல்போல் மென்மையாகும். பொங்கிய பிறகு விரல் நுனியில் மா தொட்டுக்கொண்டு அரை அங்குலம் அமுக்கச் சொல்லுங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரமாகவில்லை. மெல்ல மெல்லப் பாதி நிரம்பி நின்றால் அதுதான் பதம். அப்படியே குழியாகவே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது, திரும்ப உருட்டி விடலாம், வீணாகாது. “எப்ப முடியும், அக்கா?” என்று கேட்கிற பிள்ளைக்கு மணிக்கூட்டைக் காட்டாதீர்கள். “தொட்டுப் பார், மா சொல்லும்” என்று சொல்லுங்கள்.

ஒட்டும் பசை சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத அருவருப்பு. வற்புறுத்த வேண்டாம், கையில் எண்ணெய் பூசிவிடுங்கள், அல்லது கரண்டியால் கலக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், அதுவும் பங்குதான். ஒரு கை இயலாத பிள்ளைக்கு அகலமான, பாரமான கிண்ணத்தை ஈரத்துணியின்மேல் வையுங்கள், வழுக்காது. ஒருகையால் அமுக்கி, கிண்ணத்தைக் கால்வட்டம் திருப்பி, மறுபடி அமுக்கினால் மா நன்றாகவே பதப்படும்.

சத்தம், மணம், வரிசை மூன்றிலும் கவனம் வேண்டும். வெதுப்பகத்தில் மாவை மேசையில் ஓங்கி அடித்துப் பிசைவார்கள், இங்கே அது வேண்டாம். தட்டு விழும் சத்தத்துக்கும் போறணை மணிக்கும் முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். பலூன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். எரிவாயுப் போறணை பற்றும்போது ‘பொப்’ என்று வரும். 2021 கடைசியில் நாடு முழுதும் எரிவாயு வெடிப்புகள் நடந்ததை வீடுகள் மறக்கவில்லை. மின் போறணை இல்லையென்றால் செங்கல் போறணை மேல். கருகிய மணம் கிளம்பினால் உடனே யன்னலைத் திறந்து, என்ன கருகியது என்று காட்டிவிடுங்கள். காரணம் தெரியாத புகைதான் பயமுறுத்தும். பணிஸைத் தட்டோடு வரிசையில் நிறுத்திக் கொடுக்காதீர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது, அங்கே நிவாரண வரிசையில் நின்றவர்கள்தான் இந்தப் பிள்ளைகள் பலரின் பெற்றோர். பாயில் வட்டமாக இருந்து சாப்பிடுங்கள். தாய்மாரைக் கூப்பிடும்போதும் இதை நினையுங்கள், கோதுமை மாவின் மணமே சிலருக்கு முகாமின் மணம். அப்படியானவர் கொழுக்கட்டை அவித்துக் காட்ட வரட்டும். எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் மட்டும் பிள்ளைகள் நடுவில் வேண்டாம்.

சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மாஜரின், ஐஸ்கட்டி எதுவும் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பணிஸுக்கும் கீழே வெதுப்பல் தாளில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை பரவும். இது சின்ன விடயமாகத் தெரியலாம். தன்னுடையது என்று ஒன்றைப் பிசைந்து, உருட்டி, காத்திருந்த பிள்ளையிடம் வேறொருவரின் பணிஸைக் கொடுத்து ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று சொல்லாதீர்கள். கோணலாக வந்ததை நல்லதாக மாற்றி வைப்பதும் கூடாது, பிள்ளைக்குத் தன் கைவேலை தெரியும். சிறந்த பணிஸுக்குப் பரிசு, போட்டி, மதிப்பெண் எதுவுமே வேண்டாம்.

பிள்ளை மாவில் துவக்குச் செய்யலாம், பங்கர் செய்யலாம், ஓர் ஆளைப் படுக்கவைத்து மூடலாம். விளக்கம் கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், மற்றவர்களுக்குக் காட்டாதீர்கள். மற்றதைப் போலவே சுட்டுக் கொடுங்கள். கிழமைக்குக் கிழமை அதே உருவம் வந்து, பிள்ளையும் வாடினால் உளவளத்துணையாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ‘உனக்கு என்ன நடந்தது’ என்ற கேள்வி இந்த அறைக்குள் யாரும் கேட்கக்கூடாத கேள்வி, உங்கள் கொடையாளரின் படிவத்தில் இருந்தாலும் சரி. நடந்ததை ஒரே அமர்வில் கிளறிக் கேட்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை தானாகக் கதைத்தால் கையை நிறுத்தாமல் கேளுங்கள். மதிப்பீடு வேண்டுமென்றால் வரவுப் பதிவேட்டைப் பாருங்கள், பன்னிரண்டு கிழமையும் பிள்ளை தானாக வருகிறதா என்பதைவிட நல்ல அளவுகோல் எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது பணிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாருக்கு என்று கேட்டால் ஒரு பிள்ளை ‘மாமாவுக்கு’ என்று சொல்லலாம், அந்த மாமா காணாமல் ஆக்கப்பட்டவராக, பிள்ளை ஒருநாளும் கண்டிராதவராக இருக்கலாம். ‘அவர் வரமாட்டார்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ‘வருவார்’ என்றும் சொல்லாதீர்கள். “சரி, அவருக்கெண்டு எடுத்து வை” என்று ஒரு தாள் பையைக் கொடுங்கள். அது படத்துக்கு முன்னால் வைக்கப்படுமா, அம்மம்மாவும் பிள்ளையும் பங்கிட்டுச் சாப்பிடுவார்களா என்பது அந்த வீட்டின் விடயம். உடல் கிடைக்காத இழப்பில் வழமையான சடங்கைச் செய்ய முடிவதில்லை, அதனால்தான் இந்தப் பையை அவசரப்பட்டுத் திறந்து பார்க்கவோ விசாரிக்கவோ வேண்டாம் என்கிறோம்.

நாட்காட்டியில், போரின் இறுதியில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 வரும் கிழமையை முன்பே குறித்துவையுங்கள். ஊரெல்லாம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் நாட்களில் ஐசிங் போட்ட கேக் செய்யக்கூடாது. அந்தக் கிழமையை நிறுத்தவும் வேண்டாம், வழமைபோல் கூடுங்கள், சீனி தூவாத சாதாரணப் பாண் சுடுங்கள்.

பன்னிரண்டாம் கிழமை முடிவு என்பதை முதல் நாளே சொல்லி, ஒவ்வொரு கிழமையும் சுவரில் ஒரு கட்டத்தை அழித்துவர வேண்டும். சொல்லாமல் நின்றுபோகும் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு காணாமற்போதல். கடைசி இரண்டு கிழமைகளில் போறணை இல்லாத வீட்டில் சுடும் முறையைப் பழக்குங்கள்: தடித்த அலுமினியச் சட்டியில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் காய்ந்த மணல், மூடி பதினைந்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு சிறு தாங்கி, அதன்மேல் தட்டு, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல், 25 நிமிடம். தணலைக் கையாள்வது வீட்டிலுள்ள பெரியவர், ஆகவே கடைசி நாளுக்கு அவரையும் அழையுங்கள். கிராமில் சொன்ன அளவுகளைத் தேக்கரண்டியிலும் தேத்தண்ணிக் கோப்பையிலும் மாற்றி, பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போகட்டும்.

இந்த மடலுக்குப் பதில் தர விரும்பும் நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: எந்த ஊர், கிழமையில் எந்த நாள், பன்னிரண்டு கிழமையும் வருவதாக ஒப்புக்கொண்ட மூன்று பேர் யார், அவர்களில் ஒருவர் சுகயீனமானால் பதிலாக வரப்போகும், பிள்ளைகளுக்கு முன்பே அறிமுகமான நாலாவது ஆள் யார். இந்த நான்கும் தெரிந்தால் அளவும் முறையும் கற்றுத்தர நாங்கள் வருகிறோம். போறணையைப் பிறகு வாங்கலாம்.

இப்படிக்கு,
வெதுப்பகத் தொழிலாளரும் சிறுவர் உளசமூகப் பணியாளரும்